இரண்டு நினைவுச் சின்னங்களுக்கு நடுவே ஒரு குன்று

தில்லிக்குச் சுற்றுலா வரும் குடும்பங்கள் தவறாமல் பார்த்துவிட்டுப் போகும் இடம் இந்தியா கேட். அங்கிருந்து பொடிநடையாகச் சில நிமிடங்கள் போனால் தேசியப் போர் நினைவுச் சின்னம். 1931-ல் திறக்கப்பட்ட இந்தியா கேட்டின் சுவர்களில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதல் உலகப் போரிலும் அதை ஒட்டி நடந்த ஆப்கானியப் போரிலும் இறந்த வீரர்கள் அவர்கள். 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் கற்களில் சுதந்திரத்துக்குப் பின் உயிர் கொடுத்த வீரர்களின் பெயர்கள். 1972 முதல் இந்தியா கேட்டின் கீழ் எரிந்துகொண்டிருந்த அமர் ஜவான் ஜோதியும் 2022 ஜனவரியில் புதிய சின்னத்தின் ஜோதியோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

இந்த இரண்டு சின்னங்களுக்கும் நடுவே இருக்கும் தூரம் கொஞ்சம்தான். ஆனால் காலக் கணக்கில் கால் நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. இந்தியா கேட்டின் கணக்கு 1921-ல் முடிகிறது. அடுத்த சின்னத்தின் கணக்கு 1947-ல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முழுவதும் இந்த இடைவெளியில்தான் விழுகிறது. அந்தப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் ராணுவத்தில் சேர்ந்தார்கள். அனைவரும் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள். அவர்களில் 87,000 பேர் திரும்பவில்லை. தலைநகரின் நடுவே எழுந்து நிற்கும் இரண்டு சின்னங்களிலும் அவர்களுக்கு இடமில்லை.

பெரிய எண்ணிக்கைகள் மனதைத் தொடுவதில்லை. எனவே அந்த இடைவெளியில் விழுந்துபோன ஒரே ஒரு குன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மணிப்பூரில், இம்பாலுக்கு வடகிழக்கே, தங்குல் நாகர்களின் மலைப்பகுதியில் உள்ள சாங்ஷாக். 1944 மார்ச் மாதம் அங்கே ஐந்து நாள் நின்று போரிட்டவர்கள் இந்தியாவின் முதல் பாராசூட் வீரர்கள்.

பாராசூட் என்றால் வானம் நிறையக் குடைகள் விரியும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சாங்ஷாக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகாயத்திலிருந்து குதிக்கப் பழக்கப்பட்ட அந்த இளைஞர்கள் நடந்தே அந்தக் குன்றுக்குப் போனார்கள். நடந்தே திரும்பினார்கள், நடக்க முடிந்தவர்கள் மட்டும்.

போர் தொடங்கிய பிறகு, 1941 அக்டோபரில் தில்லியில் 50-வது இந்திய பாராசூட் பிரிகேட் உருவாக்கப்பட்டது. அதில் மூன்று பட்டாலியன்கள். 151 பிரிட்டிஷ் வீரர்களுக்கு, 152 இந்தியர்களுக்கு, 153 கூர்க்காக்களுக்கு. பிரிட்டிஷ் பட்டாலியன் அடுத்த ஆண்டே மத்தியக் கிழக்குக்கு அனுப்பப்பட்டுவிட்டது. இந்தியப் பட்டாலியனுக்குப் பல ரெஜிமென்ட்டுகளிலிருந்து விரும்பிக் கேட்டவர்கள் மட்டுமே எடுக்கப்பட்டார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக இருந்த பட்டாலியன் அது.

அந்தக் காலத்தில் விமானத்திலிருந்து குதிப்பதற்கு விருப்பம் தெரிவிப்பதே ஒரு துணிச்சல். பயிற்சிக்குக் கிடைத்தவை வாலன்ஷியா என்ற பழைய இரட்டை இறக்கை விமானங்கள். விமானத்தின் தரையில் ஒரு ஓட்டை. அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, உத்தரவு வந்ததும் கீழே நழுவ வேண்டும். முதுகில் ஒரே ஒரு பாராசூட். அது விரியாவிட்டால் மாற்றுப் பாராசூட் கிடையாது. பாராசூட்டுகளுக்கே பெரும் தட்டுப்பாடு இருந்த நாட்கள். பயிற்சியிலேயே உயிரிழந்தவர்களும் உண்டு. தன் கிராமத்தில் ரயிலைத் தவிர வேறு வாகனத்தில் ஏறியிராத ஒரு விவசாயியின் மகன், முதல் முறையாக விமானத்தில் ஏறி, அதே விமானத்திலிருந்து குதிப்பதற்கு என்ன மனம் வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். விமானத்தில் ஏறியவர்கள் பலர் அதில் உட்கார்ந்தபடி தரையிறங்கிய அனுபவமே இல்லாதவர்கள்.

1942-ல் சிந்துவிலும் வட பர்மாவிலும் சிறு குழுக்களாக அவர்கள் இறக்கப்பட்டார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் பயிற்சியும் காத்திருப்பும்தான். பெரிய அளவில் குதிப்பதற்கு விமானங்கள் கிடைக்கவில்லை. 1944 மார்ச் தொடக்கத்தில் பிரிகேட் மணிப்பூருக்கு வந்தது. காடுகளில் போரிடப் பழகுவதுதான் நோக்கம் என்று சொல்லப்பட்டது. உக்ருல் பகுதி அமைதியான இடம் என்று ராணுவத் தலைமை கருதியது. பிரிகேடின் தளபதி ஹோப் தாம்சனுக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. அவரது வீரர்களில் பெரும்பாலோர் அவரைவிட மிக இளையவர்கள்.

மார்ச் 15-ம் தேதி இரவு ஜப்பானின் 31-வது டிவிஷன் சிந்த்வின் நதியைக் கடந்தது. தளபதி சாட்டோவின் இலக்கு கொஹிமா. இம்பாலுக்குப் போகும் ஒரே நல்ல சாலையை அங்கே அறுத்துவிட்டால் இம்பால் தனித்துவிடும். அதற்கும் அப்பால் திமாப்பூர் ரயில் நிலையமும் பெரும் ராணுவக் கிடங்குகளும் காத்திருந்தன. இவ்வளவு கரடுமுரடான மலைகளைத் தாண்டி ஒரு முழு டிவிஷன் வர முடியாது, வந்தால் ஒரு ரெஜிமென்ட் வரலாம் என்பதே ஜெனரல் ஸ்லிம்மின் தலைமையகத்தின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பாகிவிட்டது. மியாசாகி என்ற மேஜர் ஜெனரலின் கீழ் வந்த படை, அமைதியான இடம் என்று கருதப்பட்ட உக்ருல் பகுதியின் வழியாகவே வந்தது.

முதல் அடி மார்ச் 19 அன்று விழுந்தது. 7,378 அடி உயரமுள்ள ஒரு முகட்டில் 152-வது பட்டாலியனின் ஒரு கம்பெனி மட்டும் இருந்தது. சுமார் 170 பேர். எதிரே வந்தவர்கள் ஏறத்தாழ 900 பேர். இந்தக் கம்பெனி போர்முனையைப் பார்ப்பது அதுவே முதல் முறை. கம்பெனித் தளபதி இறந்தார். அவருக்கு அடுத்த அதிகாரிகளும் விழுந்தார்கள். உதவிக்குப் புறப்பட்ட படைகளால் அவர்களை எட்ட முடியவில்லை. இருந்தும் அன்று பகலும் இரவும் முகடு வீழவில்லை. மறுநாள் காலை எல்லாம் முடிந்தபோது ஏறக்குறைய 20 பேர் மட்டும் தப்பி வந்து சேர்ந்தார்கள். பெரும் படை வருகிறது என்பதைப் பிரிகேட் தலைமை உறுதியாக உணர்ந்தது அந்தக் கம்பெனி கொடுத்த விலையில்தான்.

ஹோப் தாம்சன் தன் படைகளைப் பின்வாங்கச் செய்து சாங்ஷாக் கிராமத்தின் குன்றில் ஒன்றுசேர்த்தார். இரண்டு பாராசூட் பட்டாலியன்கள், மராட்டா காலாட்படையின் ஒரு பட்டாலியன், நேபாள ராணுவத்தின் இரண்டு கம்பெனிகள், ஒரு மலைப் பீரங்கிப் படை, மருத்துவப் பிரிவு என்று மொத்தம் 1,800-க்கும் சற்று அதிகமான ஆட்கள். இடமோ சுமார் 600 கஜ நீளம், 300 கஜ அகலம். ஒரு முனையில் அமெரிக்க மிஷனரிகளின் சிறு தேவாலயம்.

போரிடுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடைப்பது அரிது. மூன்றடி தோண்டினால் பாறை. நெஞ்சளவு ஆழமான பதுங்குகுழி வெட்ட வழியில்லை. முள்கம்பி கேட்டிருந்தார்கள். வந்து சேரவில்லை. முள்கம்பி இல்லாவிட்டால் இருட்டில் எதிரி நேராகக் குழியின் விளிம்புக்கே வந்துவிடுவான். குன்றுக்குள் தண்ணீரும் போதுமானதாக இல்லை.

மார்ச் 22 மாலை முதல் தாக்குதல் தொடங்கியது. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. சாங்ஷாக்கைப் பிடிப்பது மியாசாகியின் வேலையே அல்ல. அந்தப் பகுதி பக்கத்து டிவிஷனுக்கு ஒதுக்கப்பட்டது. அவர் விலகிக் கொஹிமாவுக்கு நேராகப் போயிருக்கலாம். ஆனால் பக்கவாட்டில் ஒரு எதிரிப் படையை விட்டுவிட்டுப் போவது ஆபத்து என்று நினைத்தார். அவரது 58-வது ரெஜிமென்ட் அனுபவம் மிகுந்த படை. ஒரு நாளில் முடிந்துவிடும் என்று எண்ணியிருக்கக்கூடும். முதல் நாள் இரவே அவரது ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சரிந்தார்கள். மறுநாளும் அப்படியே. ஜப்பானியர்கள் பீரங்கிகளைக் கொண்டுவந்தார்கள். இரவில் தாக்குவார்கள். பகலில் குண்டு மழை பொழியும்.

குன்றின் மேல் நிலைமை நாளுக்கு நாள் கெட்டது. மலைப் பீரங்கிகளை இழுத்து வந்த கோவேறு கழுதைகள் குண்டடி பட்டுச் செத்துக் கிடந்தன. புதைக்க இடமில்லை. மனிதர்களைப் புதைப்பதற்கே ஆழமான மண் இல்லை. காயம்பட்டவர்களைப் படுக்க வைக்கப் பாதுகாப்பான மூலை ஒன்றுகூடக் கிடையாது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்தவர் அதே இடத்தில் மறுபடி குண்டடி படுவார். டாக்டர்கள் குனிந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார்கள். தூக்கம் என்பது யாருக்கும் இல்லை.

உணவும் தண்ணீரும் தோட்டாக்களும் விமானங்களிலிருந்து போடப்பட்டன. இலக்கு மிகச் சிறியது. காற்றில் மிதந்த பாராசூட்டுகளில் பெரும்பாலானவை குன்றைத் தாண்டி ஜப்பானியர்களிடம் போய் விழுந்தன. இரண்டு ஆண்டுகளாகப் பாராசூட்டை நம்பியே வாழ்ந்த வீரர்கள், தங்களுக்கு வந்த தண்ணீர் எதிரியின் பக்கம் இறங்குவதைப் பதுங்குகுழியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே அவர்கள் போரின் போக்குக்கே முக்கியமான ஒரு காரியத்தைச் செய்தார்கள். இறந்துகிடந்த ஒரு ஜப்பானிய அதிகாரியிடம் வரைபடம் ஒன்று கிடைத்தது. 31-வது டிவிஷன் முழுவதும் கொஹிமாவை நோக்கிப் போகும் திட்டம் அதில் இருந்தது. பிரிகேடின் புலனாய்வு அதிகாரி அதன் நகலுடன் முற்றுகையைத் தாண்டி இம்பாலுக்கு நடந்தார். கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிடவில்லை. மறுபடி எதிரியின் வரிசைகளுக்கு ஊடே புகுந்து, தப்ப வழியில்லாத அந்தக் குன்றுக்கே திரும்பி வந்தார். அந்தத் தகவலை மேலிடம் எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பது பற்றிப் போர் வரலாற்று ஆசிரியர்களிடையே இன்றும் வாதம் உண்டு. கொண்டுபோனவரின் துணிச்சலில் வாதமில்லை.

மார்ச் 26 விடியும் நேரத்தில் தேவாலயம் எதிரியின் கையில் விழுந்தது. அது போய்விட்டால் குன்று முழுவதும் எதிரியின் பார்வையில். எதிர்த்தாக்குதல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. சமையற்காரர்களும் எழுத்தர்களும்கூடத் துப்பாக்கி ஏந்த வேண்டிய கட்டம் அது. மலைப் பீரங்கிப் படையினர் குழல்களைத் தாழ்த்தி, கண்ணுக்கு எதிரே இருந்த எதிரியை நேராகக் குறிவைத்துச் சுட்டார்கள். கடைசியில் 153-வது பட்டாலியனின் ஒரு கூர்க்கா கம்பெனி தேவாலயத்தை மீட்டது. அந்தக் கம்பெனியை நடத்திய இளம் மேஜர் ஜிம்மி ராபர்ட்ஸ் பிற்காலத்தில் மலையேற்ற உலகில் பெயர் பெற்றவர். 1964-ல் நேபாளத்தில் மலை நடைப் பயணங்களுக்கான முதல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவரே. அவருடன் தேவாலயத்தின் மேல் பாய்ந்த கூர்க்கா இளைஞர்களின் பெயர்களைத் தேடினால் அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை.

அன்று மாலை 6 மணிக்கு ரேடியோவில் உத்தரவு வந்தது. குன்றை விட்டுவிட்டு, போரிட்டபடியே வெளியேறி, முதலில் தெற்கும் பிறகு மேற்கும் பார்த்து வரும்படி. சங்கேத மொழியில் அனுப்பக்கூட நேரமில்லை. வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. இரவு பத்தரை மணிக்கு, ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு, காயம்பட்டவர்களைத் தாங்கிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினார்கள். காட்டில் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து அடுத்தடுத்த நாட்களில் இம்பால் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லோரையும் தூக்கிச் செல்ல முடியவில்லை. அசைக்கவே முடியாத நிலையில் இருந்த சுமார் 100 பேரைக் குன்றிலேயே விட்டுவிட வேண்டியதாயிற்று. சாங்ஷாக்கில் மிகக் கொடுமையான கணம் அதுதான். கீழே இறங்கியவர்கள் வாழ்நாள் முழுவதும் சுமந்தது அதைத்தான். ஒரு செய்தி மட்டும் சற்றே ஆறுதல் தருவது. குன்றைப் பிடித்த ஜப்பானியர்கள் தங்கள் கேப்டன் ஒருவரின் உடல் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டிருந்ததைக் கண்டார்கள் என்றும், அதனால் கைதிகளைக் கண்ணியமாக நடத்தும்படி மியாசாகி சொன்னார் என்றும் கூறப்படுகிறது.

இழப்புக் கணக்கு பயங்கரமானது. பிரிகேடில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்ந்து சுமார் 600 பேர். 152-வது பட்டாலியனில் பாதிக்கு மேல் போய்விட்டது. எதிர்ப்பக்கம் ஏறத்தாழ அதே அளவு இழப்பு. அனுபவசாலியான 58-வது ரெஜிமென்ட் தன் சிறந்த அதிகாரிகளையும் ஆட்களையும் அந்தச் சின்னக் குன்றில் கொட்டியது.

இதன் பலன் என்ன? மியாசாகியின் படைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் போயிற்று. அந்த நாட்களில் அராக்கான் போர்முனையிலிருந்து 5-வது இந்திய டிவிஷன் விமானங்களில் இம்பாலுக்கும் திமாப்பூருக்கும் கொண்டுவரப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் மியாசாகி கொஹிமாவை எட்டியபோது அங்கே எதிர்த்து நிற்கச் சுமார் 1,500 பேர் இருந்தார்கள். அவர்கள் இரண்டு வாரம் தாங்கினார்கள். அதன் பின் உதவி வந்தது. சில நாட்கள் முன்னதாக ஜப்பானியர்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசிக்க ராணுவ நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் பெயர் கொஹிமாவுக்குப் போயிற்று. அங்குள்ள கல்லறைத் தோட்டத்தின் வாசகம் உலகப் புகழ் பெற்றது. 2013-ல் பிரிட்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகம் நடத்திய தேர்வில் பிரிட்டனின் மிகப் பெரிய போராக இம்பால்-கொஹிமா தேர்ந்தெடுக்கப்பட்டது. சாங்ஷாக்குக்கு முதலில் கிடைத்தது பழி. குன்று விழுந்ததுதான் மேலிடத்துக்குத் தெரிந்தது. அது எத்தனை நாள் விழாமல் நின்றது என்பது உடனே புரியவில்லை. பிரிகேட் தளபதி உடலும் மனமும் சோர்ந்து மருத்துவமனையில் கிடந்தார். பிறகு பதவி குறைக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டிலேயே ஸ்லிம், எதிரியின் முதல் அடியை வாங்கிக்கொண்டு இம்பாலுக்கு அவசியமான அவகாசத்தைப் பெற்றுத் தந்தது இந்தப் பிரிகேட்தான் என்று ஒரு சிறப்பு உத்தரவில் பாராட்டினார். ஆனாலும் முதலில் ஒட்டிய பழி முழுதாக நீங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அங்கே போரிட்டவர்களே வயதான காலத்தில் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

பிரிட்டன் மறந்ததற்குக் காரணம் அது தோல்வி போலத் தெரிந்தது. இந்தியா மறந்ததற்குக் காரணம் வேறு. அந்த வீரர்கள் அணிந்தது வெள்ளைக்காரனின் சீருடை. 1942-ல் தேசத் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். அதே இம்பால் போர்முனையில் எதிர்ப்பக்கம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் இருந்தது. சாங்ஷாக்கைத் தாக்கியது ஜப்பானிய ரெஜிமென்ட்தான். ஆனால் சில வாரங்கள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, அதே மணிப்பூரின் மொய்ராங்கில் அந்த ராணுவம் கொடி ஏற்றியது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். தமிழ்க் குடும்பங்களில் அந்த நினைவு பெருமையோடு காக்கப்படுகிறது. அது நியாயமும்கூட. அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் சாங்ஷாக்கின் ஜவானை எங்கே நிறுத்துவது என்பது சுதந்திர இந்தியாவுக்குத் தெரியவில்லை. தெரியாததால் ஓரமாக விட்டுவிட்டது.

ஆனால் அந்த ஜவான் நின்ற ராணுவம் 1947 ஆகஸ்டில் கலைந்துபோகவில்லை. அதே 50-வது பாராசூட் பிரிகேட் சுதந்திர இந்தியாவின் பிரிகேட் ஆயிற்று. அடுத்த ஆண்டே காஷ்மீரில் போரிட்டது. 1948 ஜூலை 3 அன்று ஜங்கரில் உயிர் கொடுத்த பிரிகேடியர் முகமது உஸ்மான் அதன் தளபதி. அவருக்கு மகாவீர் சக்கரம் தரப்பட்டது. நான்கு ஆண்டுக்கு முன் சாங்ஷாக்கில் நின்ற பிரிகேடுக்கும் ஜங்கரில் நின்ற பிரிகேடுக்கும் எண் ஒன்றுதான். ஒன்றுக்குப் பெயர் கல்லில் இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை.

இந்தத் தொடர்ச்சியைப் புரிந்துகொள்ள ஒரு தமிழரின் வாழ்க்கை போதும். ஏ.ஜி. ரங்கராஜ் 152-வது பட்டாலியனின் மருத்துவ அதிகாரி. பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இருவர் என்று ராணுவம் பதிவு செய்திருக்கிறது. ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் அப்போது லெப்டினன்ட்டாக இருந்த ரங்கராஜ். பிரிட்டிஷ் சீருடையில் குதித்த அதே டாக்டர், 1950-ல் சுதந்திர இந்தியா கொரியாவுக்கு அனுப்பிய 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவின் தளபதியாகப் போனார். போரில் கலந்துகொள்ளாத இந்தியா காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தர அனுப்பிய பிரிவு அது. அந்த டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்கியபோது அவரது பிரிவிடம் வாகனங்கள் இல்லை. மருந்துகளையும் கருவிகளையும் விட்டுவிட மனமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, தாங்களே கிளப்பி, பாலம் தகர்க்கப்படுவதற்கு முன் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையுடன் 12 இந்தியர்கள் குதித்தார்கள். ரங்கராஜும் அவர்களில் ஒருவர். கையில் இருந்தவை அறுவை சிகிச்சைக் கருவிகள். அவருக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது.

எந்த ரங்கராஜ் தேசத்துக்குச் சொந்தம்? 1940-களில் குதித்தவரா, 1951-ல் குதித்தவரா? இரண்டாகப் பிரிக்க முடியாது. அவர் இருந்த பட்டாலியனின் மற்ற இளைஞர்கள் விஷயத்தில் மட்டும் பிரித்துவிட்டோம். அவர்கள் செய்த ஒரே தவறு சுதந்திரத்துக்கு மூன்று ஆண்டு முன்னதாக இறந்ததுதான்.

மற்றவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு பிற்பாடு சிலருக்குக் கிடைத்தது. 1945 மே 1 அன்று ரங்கூனுக்குத் தெற்கே எலிபென்ட் பாயிண்டில், கூர்க்கா பாராசூட் வீரர்கள் ஒரு பட்டாலியனாக வானிலிருந்து இறங்கினார்கள். சாங்ஷாக்கில் தப்பியவர்களின் பட்டாலியனிலிருந்தும் ஆட்கள் அதில் இருந்தார்கள். 1971 டிசம்பர் 11 அன்று டாங்காயிலில் 2-வது பாராசூட் பட்டாலியன் குதித்து பூங்லி பாலத்தைப் பிடித்தது. ஐந்தே நாளில் டாக்கா வீழ்ந்தது. டாங்காயில் என்றால் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.  சாங்ஷாக்கில் யாரும் படம் எடுக்கவில்லை.

இறந்தவர்களின் பெயர்கள் எங்குமே இல்லை என்று சொல்ல முடியாது. உடல் கிடைக்காதவர்கள் பலரின் பெயர்கள் பர்மாவில், ரங்கூனுக்கு அருகே தாவ்கியானில் உள்ள நினைவு மண்டபத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்களோடு சேர்ந்து பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். அந்த மண்டபம் வரை போய் ஒரு பெயரைத் தடவிப் பார்க்கும் வசதி எந்த ஜவானின் குடும்பத்துக்கு இருந்திருக்கும்? தோற்றுப்போன ஜப்பானியர்கள் தங்கள் இறந்தோரைத் தேடி மணிப்பூருக்கு வந்தார்கள். இம்பாலுக்குத் தெற்கே உள்ள செங்குன்றின் அடிவாரத்தில் அவர்களுக்கு நினைவிடம் உண்டு. ஜப்பானிய அறக்கட்டளை ஒன்றின் உதவியுடன் 2019-ல் அங்கே அமைதி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. தங்கள் மண்ணிலேயே யாரோ இருவர் போட்ட சண்டையில் வீடு வாசலை இழந்த தங்குல் நாகர்களும் அந்த நாட்களை மறக்கவில்லை. மறந்தவர்கள் தலைநகரில் இருப்பவர்கள்தான்.

பேரரசின் போர் சரியா, அதில் இந்தியர்கள் சேர்ந்தது சரியா என்ற விவாதம் நடக்கட்டும். அது நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால் சாங்ஷாக்கில் மூன்றடிக் குழியில் தண்ணீரில்லாமல் கிடந்த இருபது வயது இளைஞன் அந்த விவாதத்துக்காக அங்கே நிற்கவில்லை. பக்கத்துக் குழியில் இருந்தவனை விட்டுவிட்டு ஓட மனமில்லாமல் நின்றான். அந்தப் பக்கத்துக் குழியில் இருந்தவன் வேறு மதத்தவனாக, வேறு மொழிக்காரனாக இருந்தான்.

முதல் உலகப் போரில் இதே பேரரசுக்காக இறந்தவர்களின் பெயர்களை இந்தியா கேட்டிலிருந்து யாரும் அழித்துவிடவில்லை. குடியரசு தினத்தில் அந்தச் சுவர்களின் முன்னால்தான் நாடு திரள்கிறது. அவர்களுக்குச் சரி என்றால் 1939 முதல் 1945 வரை இறந்தவர்களுக்கும் சரிதான். இந்தியா கேட்டுக்கும் தேசியப் போர் நினைவுச் சின்னத்துக்கும் நடுவே இன்னும் காலி இடம் இருக்கிறது. அங்கே ஒரு சுவர் எழுப்புவதற்குப் பெரிய செலவு ஆகாது. பெயர்களைப் புதிதாகத் தேட வேண்டிய அவசியமும் இல்லை. அவை ஏற்கெனவே பட்டியலாக இருக்கின்றன, தாவ்கியானில்.